கேமராவுல ஃபங்ஷன் பட்டன்களை நமக்கேத்த மாதிரி மாத்திக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா பாடியில (லென்ஸ் தவிர்த்த பகுதி) எஃப்என், சி1, சி2, எம்-எஃப்என்னு பேர் போட்டு ஏழெட்டு பட்டன் இருக்கும், ஆனா முக்காவாசி பேர் அது வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுடுவாங்க. இல்லைன்னா ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திட்டு மறுநாள் எது எங்கன்னு தெரியாம முழிப்பாங்க. இந்த ரெண்டும் இல்லாம எப்படி செட் பண்றதுன்னு கேக்கிறவங்களுக்கு, திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதிலும் கீழ.

எந்தெந்த பட்டனை மாத்த முடியும்?

பேர் போட்ட பட்டன் மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. எஃப்என், சி1 மாதிரி பட்டன் மாத்துறதுக்குன்னே வெச்சது, சரி. ஆனா இப்ப வர்ற நிறைய பாடியில ஏஎஃப்-ஆன் (ஆட்டோஃபோகஸை ஓட வைக்கிறது), ஏஇ லாக் (வெளிச்ச அளவை அப்படியே பூட்டி வைக்கிறது), ஜாய்ஸ்டிக்கோட நடு அழுத்து, பின்னாடி நாலு திசை பட்டன், வீடியோ ரெக்கார்ட் பட்டன், ஏன் சிலதுல டிஸ்ப்ளே பட்டன் வரைக்கும் மாத்தலாம். லென்ஸ் மேலயே இருக்கிற ஃபோகஸ் ஹோல்ட் பட்டனும் இதுல சேர்த்தி. மாத்த முடியாதது பொதுவா ஆன் ஆஃப், மெனு, ப்ளே பட்டன் இந்த மாதிரி சிலதுதான், அதுவும் கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

பழைய டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கீங்கன்னா பல மாடல்ல லென்ஸ் மவுன்ட் பக்கத்துல, மோதிர விரல் போய் உக்கார்ற இடத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கும் பாருங்க, டெப்த் ஆஃப் ஃபீல்ட் ப்ரிவ்யூ, அதாவது எவ்வளவு ஆழம் வரைக்கும் ஷார்ப்பா வரும்னு முன்னாடியே காட்டுறது. அதை அமுக்கினா அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் நுழையிற துவாரம்) சுருங்கி வ்யூஃபைண்டர் இருட்டாகும், என்னமோ கெட்டுப்போச்சுன்னு பயந்து அதுக்கப்புறம் அதைத் தொடாதவங்களே அதிகம். நடுத்தர, பெரிய பாடில எல்லாம் அதையும் மாத்தலாம், விரல் ஏற்கனவே அங்கதான் இருக்குங்கிறதால ரொம்ப நல்ல இடம் அது.

என் கேமராவுல அந்த மெனு எங்க இருக்கு?

கேனான்ல கஸ்டமைஸ் பட்டன்ஸ் இல்லைன்னா கஸ்டம் கன்ட்ரோல்ஸ்னு தேடுங்க. நிக்கான்ல பென்சில் படம் போட்ட கஸ்டம் செட்டிங்ஸ் மெனுல எஃப் வரிசை, கன்ட்ரோல்ஸ். சோனில கஸ்டம் கீ செட்டிங். ஃப்யூஜில ரெஞ்ச் படம் போட்ட செட்டப் மெனுக்குள்ள பட்டன், டயல் செட்டிங்னு ஒண்ணு, அதுக்கு குறுக்கு வழியும் இருக்கு: டிஸ்ப் பேக் பட்டனை கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா நிறைய மாடல்ல நேரா எஃப்என் பட்டியலே திறந்துடும். பானசோனிக்ல எஃப்என் பட்டன் செட், பல பாடில அந்த பட்டனையே ரெண்டு செகண்ட் பிடிச்சாலும் வரும். ஒலிம்பஸ், ஓஎம் சிஸ்டம்ல பட்டன் ஃபங்ஷன். பெயர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், கிடைக்கலைன்னா மேனுவல் பிடிஎஃப்ல கஸ்டம்னு தேடினா மாட்டிக்கும்.

சரி, எந்த பட்டனுக்கு எந்த வேலையைக் குடுக்கிறது?

எல்லாரும் கேக்கிறது இதுதான், ஆனா இன்னொருத்தரோட செட்டப்பை அப்படியே காப்பி அடிச்சா வேலைக்கு ஆகாது. கல்யாணம் எடுக்கிறவரும் பறவை எடுக்கிறவரும் ஒரே பாடி வெச்சிருந்தாலும் ரெண்டு பேருக்கும் தேவை வேற.

நான் சொல்றது ஒரே ஒரு சோதனை: இந்த செட்டிங்கை கண்ணை வ்யூஃபைண்டர்ல இருந்து எடுக்காம மாத்தணுமா? ஆமான்னா அதுக்கு பட்டன் வேணும். கண்ணை எடுத்து, கேமராவை இறக்கி, நிதானமா மாத்தினா போதும்னா அது க்விக் மெனுவுக்கு (முக்கியமான செட்டிங் சிலதை ஒரே ஸ்க்ரீன்ல காட்டுற சின்ன மெனு) போகட்டும். எப்பவோ ஒரு தடவை மாத்துறதுன்னா மெயின் மெனுலயே கிடக்கட்டும், அதுக்கு பட்டனை வீணாக்காதீங்க.

இதை வெச்சுப் பார்த்தா பட்டன் தகுதி உள்ளது ரொம்ப கொஞ்சம்தான். ஃபோகஸ் ஏரியா மாத்துறது, ஏன்னா ஆளோட முகம் நகரும்போதே சின்ன பாயின்ட்ல இருந்து பெரிய ஏரியாவுக்கு போகணும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு), அதுக்கு தனி பட்டனோ டயலோ இல்லைன்னா. ஸ்பாட் மீட்டரிங் (ஃப்ரேம்ல ஒரு சின்ன இடத்தோட வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது), மேடையில ஒரே ஒரு லைட் அடிக்கிற மாதிரி இடத்துல. மேனுவல் லென்ஸ் போடுறவங்களுக்கு மேக்னிஃபை (ஃபோகஸ் பார்க்க படத்தை பெருசாக்கிக் காட்டுறது), அது இல்லாம அவங்களுக்கு பொழப்பே ஓடாது. ஏஎஃப் எம்எஃப் (ஆட்டோ, மேனுவல் ஃபோகஸ்) மாத்துறது, மேக்ரோ எடுக்கிறவங்களுக்கும் கூண்டுக் கம்பிக்கு பின்னாடி இருக்கிற விலங்கை எடுக்கிறவங்களுக்கும்.

க்ராப் மோடு பத்தி நிறைய பேர் யோசிக்கிறதே இல்லை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடில ஏபிஎஸ்-சி க்ராப்பை (சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கிறது) ஒரு பட்டன்ல வெச்சா 200 எம்எம் லென்ஸ் ஒரே அமுக்குல 300 எம்எம் அளவுக்கு நெருக்கமா காட்டும், கேனான்ல 1.6 மடங்கு. படம் சின்னதாகும்கிறதை மறந்துடாதீங்க, 24 மெகாபிக்சல் பாடில ஏறக்குறைய 10தான் மிஞ்சும், 61 மெகாபிக்சல்னா 26 கிடைக்கும். அதனால அதிக மெகாபிக்சல் பாடி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் இது உண்மையான லாபம்.

பட்டனுக்கு தகுதி இல்லாததுன்னா இமேஜ் குவாலிட்டி, கலர் ஸ்பேஸ், கார்டு ஃபார்மட், வைஃபை. ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்துக்கு ஏத்த மாதிரி படத்தோட நிறத்தை சரி பண்றது) பத்தி சண்டையே வரும். ரா (சென்சார் பதிஞ்ச மூல ஃபைல்) எடுக்கிறவங்களுக்கு அதை பிறகு கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம், பட்டன் தேவையில்லைங்கிறது என் கட்சி. ஜேபெக் மட்டும் எடுத்து உடனே அனுப்புறவங்களுக்கு கண்டிப்பா வேணும்.

எந்த விரலுக்கு எந்த பட்டன்?

இதை யோசிக்காம பட்டியலைப் பார்த்து நிரப்பிட்டே போறதுதான் பிரச்சனையே. கேமராவை கையில எடுத்து கண்ணுல வெச்சுப் பாருங்க. வலது கட்டைவிரல் தானா போய் நிக்கிற இடம் ஏஎஃப்-ஆன் பக்கம், அங்கதான் ரொம்ப அவசரமான வேலை இருக்கணும். ஆள்காட்டி விரல் ஷட்டர் மேல, அது அங்கிருந்து நகர்ந்தா படம் போச்சு, அதனால ஷட்டர் பக்கத்துல இருக்கிற மேல் பட்டனுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணிச்ச வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கிறது), ஐஎஸ்ஓ மாதிரி ரெண்டு படத்துக்கு நடுவுல மாத்துறது சரி. நடு விரலும் மோதிர விரலும் கிரிப்பை பிடிச்சிருக்கும், முன்பக்க பட்டன் அதுக எட்டுற தூரம், அங்க அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே எடுக்கிற வேலை நல்லா ஒத்துவரும். இடது கை லென்ஸை தாங்கிட்டு இருக்கு, அதனால பாடியோட இடது தோள்ல இருக்கிற பட்டனுக்கு அவசர வேலை எதையும் குடுக்காதீங்க, அதை அமுக்கணும்னா லென்ஸை விட்டுட்டு கையைத் தூக்கணும்.

இடது கண்ணால பார்க்கிறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். உங்க மூக்கும் கன்னமும் ஸ்க்ரீன் பக்கமா வலதுல வந்து முட்டும், கட்டைவிரலுக்கு இடமே இருக்காது. டச் ஸ்க்ரீன்ல மூக்கு பட்டு ஃபோகஸ் பாயின்ட் ஓடுறதும் இவங்களுக்குத்தான், டச்சை ஆன் ஆஃப் பண்ற வேலையை ஒரு பட்டன்ல வெச்சுக்கலாம்.

பேக் பட்டன் ஃபோகஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

சாதாரணமா ஷட்டரை பாதி அமுக்கினா ஃபோகஸ் ஆகும், முழுசா அமுக்கினா படம் விழும். இந்த ரெண்டு வேலையையும் பிரிச்சு, ஃபோகஸை மட்டும் பின்னாடி கட்டைவிரலுக்கு குடுத்துடறதுதான் பேக் பட்டன் ஃபோகஸ். புதுசா வந்த ஃபேஷன் ஒண்ணும் இல்லை, கேனான் 1989லயே ஈஓஎஸ் 630ங்கிற ஃபிலிம் கேமராவுல இதை கஸ்டம் ஃபங்ஷனா குடுத்துட்டாங்க.

லாபம் என்னன்னா, கேமராவை தொடர்ச்சியா ஃபோகஸ் பண்ற மோடுலயே விட்டுடலாம், கேனான்ல சர்வோ, மத்ததுல ஏஎஃப்-சி. கிளையில உக்கார்ந்திருக்கிற பறவையை எடுக்கிறீங்கன்னு வைங்க, ஏஎஃப்-ஆனை ஒரு தடவை அமுக்கி ஃபோகஸ் பிடிச்சுட்டு கட்டைவிரலை எடுத்துடுங்க, ஃபோகஸ் அங்கயே நிக்கும், எத்தனை தடவை ஷட்டரை அமுக்கினாலும் லென்ஸ் அசையாது, நடுவுல ஒரு இலை ஆடினாலும் ஃபோகஸ் அதுக்குத் தாவாது. திடீர்னு பறவை பறக்குது, கட்டைவிரலை மறுபடி அமுக்கி அப்படியே பிடிச்சுக்கங்க, ஃபோகஸ் அது கூடவே போகும். மோடு மாத்துற வேலையே இல்லை, கட்டைவிரல் இருக்கா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்.

ஆனா இதை மதம் மாதிரி பேசுறவங்க இருக்காங்க, அவ்வளவு தேவையில்லை. இப்ப வர்ற மிரர்லெஸ்ல (டிஎஸ்எல்ஆர் மாதிரி உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) கண்ணை அடையாளம் கண்டு ஓடிட்டே இருக்கிற ஆளை விடாம பிடிக்குது, அப்படி ஆளுங்களை மட்டும் எடுக்கிறவருக்கு ஹாஃப் பிரஸ்ஸே போதும். அகலமா திறந்த லென்ஸ்ல ஃபோகஸ் பிடிச்சுட்டு ஃப்ரேமை நகர்த்துற பழக்கமும் ஆபத்து, எஃப்/1.4ல கொஞ்சம் அசைஞ்சாலே கண்ணுக்கு பதிலா காது ஷார்ப்பா இருக்கும்.

பின்னாடி ஏஎஃப் வெச்சுட்டேன், ஆனா ஷட்டரை அமுக்கினாலும் ஃபோகஸ் ஆகுதே?

பாதி வேலைதான் பண்ணியிருக்கீங்க. பின்னாடி பட்டனுக்கு ஏஎஃப் குடுக்கிறது ஒண்ணு, ஷட்டர்ல இருந்து ஏஎஃப்பை எடுக்கிறது இன்னொண்ணு, ரெண்டும் பண்ணணும். சோனில ஏஎஃப் வித் ஷட்டரை ஆஃப் பண்ணணும். கேனான்ல ஷட்டர் ஹாஃப் பிரஸ்ஸை மீட்டரிங் ஸ்டார்ட் மட்டும்னு மாத்தணும். நிக்கான்ல ஆட்டோஃபோகஸ் வரிசைல ஏஎஃப் ஆக்டிவேஷன், அதை ஏஎஃப்-ஆன் ஒன்லி ஆக்கணும், பல மாடல்ல அதுக்குள்ளயே அவுட் ஆஃப் ஃபோகஸ் ரிலீஸ்னு ஒரு குட்டி ஆப்ஷன் ஒளிஞ்சிருக்கும், அதை எனேபிள்ல வைங்க, இல்லைன்னா சில நேரம் ஷட்டர் அமுக்கியும் படம் விழாம தவிப்பீங்க. ஃப்யூஜில ஷட்டர் ஏஎஃப்னு இருக்கும், ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி ரெண்டுக்கும் தனித்தனியா ஆஃப் பண்ணணும்.

ஏஎஃப்-ஆன்னு தனி பட்டன் இல்லாத சின்ன கேனான் டிஎஸ்எல்ஆர்ல ஸ்டார் போட்ட ஏஇ லாக் பட்டனைத்தான் பயன்படுத்தணும். கஸ்டம் ஃபங்ஷன்ல ஷட்டர் ஏஇ லாக் பட்டன்னு வரும், அதுல 0ல இருந்து 3 வரை நாலு ஆப்ஷன். நிறைய பேர் 1ஐ போட்டுட்டு குழம்புறாங்க, ஏன்னா அதுல ஸ்டார் பட்டன் ஃபோகஸ் பண்ணும், ஆனா ஷட்டர் ஹாஃப் பிரஸ் எக்ஸ்போஷரை லாக் பண்ணிடும். வெயில்ல இருந்து நிழலுக்கு ஓடுற பிள்ளையை ஹாஃப் பிரஸ்ல பிடிச்சுக்கிட்டே தொடர்ந்தா வெளிச்சம் பழையதுலயே நிக்கும், படம் இருட்டா வரும். ஓடியாடுறதை எடுக்கிறவங்க 3ஐ போடுங்க, அதுல மீட்டர் லாக் ஆகாது.

கேமராவை வேற யார் கிட்டயாவது குடுத்து என்னை எடுக்கச் சொன்னா எல்லாம் ப்ளரா வருது!

வரத்தான் செய்யும், அவங்களுக்கு பின்னாடி பட்டன் பத்தி தெரியாது, ஷட்டரை மட்டும் அமுக்குவாங்க. நீங்களே ஒரு தடவை ஃபோகஸ் பிடிச்சுட்டு, இதே தூரத்துல நின்னு எடுங்கன்னு சொல்றது ஒரு வழி. ஷட்டர் ஏஎஃப் ஆன் ஆஃபை மை மெனுல (நாமளே தேர்ந்தெடுத்து வெச்சுக்கிற மெனு பக்கம்) முதல் வரியில வெச்சுக்கிறது இன்னும் நல்ல வழி, குடுக்கும்போது ஆன், வாங்கும்போது ஆஃப்.

ஹோல்ட், டாகிள்னு ரெண்டு கேக்குது, எதைப் போடணும்?

ஹோல்ட்னா அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும், விட்டா பழையபடி. டாகிள்னா ஒரு தடவை அமுக்கினா ஆன், இன்னொரு தடவை அமுக்கினா ஆஃப். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தேவைப்படுறதுக்கு ஹோல்ட் போடுங்க, ஏன்னா விரலை எடுத்ததும் தானா பழைய நிலைக்கு வந்துடும், மறந்து தொலைக்க முடியாது. ஏஇ லாக்கை டாகிள்ல வெச்சுட்டு அதை எடுக்க மறந்து, அடுத்த பத்து படமும் வெள்ளையா வெந்து போறது ரொம்ப சகஜம். ஆனா ட்ரைபாட்ல வெச்சு பனோரமா எடுக்கிறவருக்கு டாகிள்தான் வசதி, அத்தனை ஃப்ரேம் முடியிற வரைக்கும் கட்டைவிரல் வலிக்கப் பிடிச்சுட்டு நிக்க முடியாது.

ஒரே பட்டன்ல பல செட்டிங் ஒண்ணா மாறுமா?

மாறும், இந்த வசதியை நிறைய பேர் கண்டுக்கிறதே இல்லை. சோனில ரீகால் கஸ்டம் ஹோல்ட், கேனான்ல ரிஜிஸ்டர் ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன், நிக்கான் இசட்8, இசட்9 பாடில ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன்ஸ். முன்கூட்டியே ஒரு கூட்டம் செட்டிங்கை பதிஞ்சு வெச்சுட்டா பட்டனைப் பிடிக்கும்போது மொத்தமும் மாறும், விட்டதும் பழசு திரும்பிடும்.

உதாரணத்துக்கு, மரத்தடியில மெதுவா நடக்கிற விலங்கை 1/250ல, சிங்கிள் ஷாட்ல எடுத்துட்டு இருக்கீங்க. திடீர்னு பாயுது. அப்ப ஷட்டர் ஸ்பீடு 1/2000, ட்ராக்கிங் ஏஎஃப், வேகமான பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம் எடுக்கிறது), ஆட்டோ ஐஎஸ்ஓ இதெல்லாம் பதிஞ்ச பட்டனை பிடிச்சுக்கிட்டு ஷட்டரை அமுக்கினா போதும். டயலைத் திருப்பிட்டு இருந்தா அதுக்குள்ள அது புதருக்குள்ள போயிருக்கும். இந்த மாதிரி வேலைக்கு முன்பக்க பட்டன் சரியா இருக்கும், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அவங்க அவங்க வேலையைப் பார்க்கலாம். பதியும்போது எந்தெந்த செட்டிங் மாறணும்னு டிக் பண்ற இடத்துல தேவையில்லாததை எடுத்துடுங்க, அப்பர்ச்சரும் டிக் ஆகியிருந்தா பட்டனைப் பிடிச்சதும் அதுவும் சேர்ந்து குதிக்கும்.

மோடு டயல்ல இருக்கிற சி1, யு1ல இருந்து இது எப்படி வேற?

டயல்ல பதிஞ்சு வெச்ச செட்டிங் மொத்த கேமராவையும் வேற ஆளா மாத்துறது, ரீகால் பட்டன் ஒரு நிமிஷத்துக்கு. இடம் மாறும்போது டயலைத் திருப்புங்க, கணம் மாறும்போது பட்டனை அமுக்குங்க. சோனி பாடில சி1ங்கிற பேர்ல பட்டனும் இருக்கும், டயல்லயும் 1, 2, 3ன்னு மெமரி இருக்கும், ரெண்டும் வேற வேற, குழப்பிக்காதீங்க. பட்டன்ல பண்ணின மாற்றமும் டயல் மெமரில சேருமாங்கிறது பாடிக்கு பாடி வேற, சேமிச்சுட்டு டயலைத் திருப்பிப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

க்விக் மெனுல என்ன வைக்கிறது?

பட்டன் தகுதித் தேர்வுல தோத்தது எல்லாம் இங்க வரும். ஷூட் ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தடவை பார்த்து செட் பண்றது: ஒயிட் பேலன்ஸ், சைலன்ட் ஷட்டர், ஸ்டெபிலைசேஷன், பிக்சர் ப்ரொஃபைல், ஃப்ளாஷ் மோடு. சோனி எஃப்என் மெனுல 12 இடம், நிக்கான் இசட் வரிசையோட ஐ மெனுலயும் 12, ஃப்யூஜி க்யூ மெனுல 16 வரைக்கும். ஃப்யூஜில க்யூ பட்டனை பிடிச்சுக்கிட்டே இருந்தா அந்த இடத்துலயே எடிட் பண்ணலாம். 16 இருக்குன்னு 16ஐயும் நிரப்பாதீங்க, நிறைய பாடில அதை 12, 8, 4ன்னு குறைச்சுக்கலாம், கம்மியா இருந்தா கண்ணு சீக்கிரம் தேடிப்பிடிக்கும். பட்டன்ல ஏற்கனவே இருக்கிறதை இங்கயும் வைக்கிறது வீண்.

போட்டோவுக்கு செட் பண்ணினது வீடியோவுல வேலை செய்யல, ஏன்?

நிறைய பாடில ஸ்டில், மூவி, ப்ளேபேக் மூணுக்கும் தனித்தனி பட்டன் பட்டியல். முதல்ல ஒண்ணைத்தான் மாத்தியிருப்பீங்க, அடுத்த டேபுக்குப் போய் அங்கயும் செட் பண்ணுங்க. வீடியோவுல தேவையும் வேற, ஷட்டர் ஸ்பீடை தொடவே மாட்டோம், ஆனா ஸீப்ரா (வெளிச்சம் மீறின இடத்துல கோடு காட்டுறது), பீக்கிங் (ஃபோகஸ் ஆன ஓரத்தை நிறம் போட்டுக் காட்டுறது), மைக் லெவல், ஃபோகஸ் மேக்னிஃபை எல்லாம் கை எட்டுற தூரத்துல வேணும். சிவப்பு ரெக்கார்ட் பட்டனை தேடிப்பிடிச்சு அமுக்கினா ஃப்ரேம் ஆடுதுன்னா, மூவி மோடுல ஷட்டர் பட்டன்லயே ரெக்கார்ட் தொடங்குற மாதிரி பல பாடில மாத்தலாம்.

வீடியோவே எடுக்காதவங்க அந்த சிவப்பு பட்டனை ஸ்டில் மோடுல வேற வேலைக்கு எடுத்துக்கங்க. ஷட்டருக்கு பக்கத்துலயே இருக்குன்னா ஐஎஸ்ஓவுக்கு அருமையான இடம்.

ப்ளேபேக்ல ஒரே ஒரு மாற்றம் பண்ணினா போதும்: ஒரே அமுக்குல 100 சதவீதம் ஜூம், அதுவும் ஃபோகஸ் பாயின்ட் இருந்த இடத்துல. கண்ணு ஷார்ப்பா இல்லையான்னு உடனே தெரியும். அடுத்ததா ரேட்டிங் இல்லைன்னா ப்ரொடெக்ட், பஸ்லயோ ரயில்லயோ திரும்பி வரும்போதே பாதி செலக்‌ஷன் முடிஞ்சிடும்.

பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகலை, இல்லை சாம்பல் நிறத்துல காட்டுது?

பட்டன் கெட்டுப்போயிருக்கும்னு சர்வீஸுக்கு ஓடாதீங்க, பெரும்பாலும் ரெண்டு செட்டிங் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னு அர்த்தம். முழு ஆட்டோ மோடுல இருந்தா பாதி பட்டன் தூங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தா ஃப்ளாஷ் சம்பந்தப்பட்டது பல பாடில வராது. லென்ஸ்ல இருக்கிற சுவிட்சு எம்எஃப்ல இருந்தா ஏஎஃப்-ஆன் எவ்வளவு அமுக்கினாலும் பிரயோஜனம் இல்லை, இது ரொம்ப பேருக்கு கடைசியாத்தான் ஞாபகம் வரும். சோனில ப்ரைட் மானிட்டரிங்னு ராத்திரி வானம் எடுக்கிறவங்களுக்கு ஒரு நல்ல வசதி, இருட்டுல ஸ்க்ரீனை வெளிச்சமாக்கி ஃப்ரேம் வைக்க உதவும், அதை மெனுல எவ்வளவு தேடினாலும் நேரா ஆன் பண்ண முடியாது, கஸ்டம் கீல வெச்சாத்தான் வரும், அதுவும் ஏஎஃப்ல இருந்தா வேலை செய்யாது, எம்எஃப்ல வைக்கணும்.

சில ஃப்யூஜி பாடில மெனு ஓகே பட்டனை தெரியாம கொஞ்ச நேரம் பிடிச்சுட்டா பூட்டு படம் காட்டி பின்பக்க பட்டன் லாக் ஆயிடும். அதே மாதிரி மறுபடி பிடிச்சா திறந்துக்கும்.

பையில வைக்கும்போதும் கழுத்துல தொங்கும்போதும் தெரியாம அமுங்கி செட்டிங் மாறுது

அந்த பட்டனுக்கு எதுவும் வேண்டாம்னு குடுத்துடுங்க, பட்டியல்ல நன், ஆஃப், நாட் செட்னு ஏதோ ஒரு பேர்ல இருக்கும். எல்லா பட்டனுக்கும் வேலை குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லை. வலது உள்ளங்கை அடிப்பக்கம் பட்டு நாலு திசை பட்டன் அமுங்குறது, வயித்துல இடிச்சு ஜாய்ஸ்டிக் நகர்ந்து ஃபோகஸ் பாயின்ட் மூலைக்குப் போறது இதெல்லாம் தினசரி நடக்கிறது. ஜாய்ஸ்டிக் நடு அழுத்தை ஃபோகஸ் பாயின்டை நடுவுக்கு கொண்டு வர்றதுக்கு வெச்சுட்டா, எங்க ஓடியிருந்தாலும் ஒரே அமுக்குல திரும்பி வந்துடும்.

லென்ஸ் மேல இருக்கிற கன்ட்ரோல் ரிங்கும் இப்படித்தான். கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட் லென்ஸ்ல அதுக்கு அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, காம்பன்சேஷன் எதை வேணா குடுக்கலாம், கேக்க நல்லா இருக்கும், ஆனா லென்ஸை தாங்கிப் பிடிக்கிற இடது கையே அதைத் திருப்பிடும், எடுத்த அத்தனையும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைவா இருக்கிறது வீட்டுக்கு வந்துதான் தெரியும். கை பழகாத வரைக்கும் அதை ஆஃப்ல வைக்கிறதே நல்லது.

ஸ்டூடியோ லைட் போட்டா வ்யூஃபைண்டர் கரு கருன்னு இருக்கு, பட்டன்ல ஏதாவது பண்ணலாமா?

மிரர்லெஸ்ல மட்டும் வர்ற தொல்லை இது. எம் மோடுல 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100னு வெச்சா ஃப்ளாஷ் இல்லாம அந்த ரூம் எப்படித் தெரியுமோ அப்படித்தான் கேமரா காட்டும், அதாவது ஒண்ணும் தெரியாது. எக்ஸ்போஷர் சிமுலேஷனை ஆஃப் பண்ணணும். சோனில லைவ் வ்யூ டிஸ்ப்ளே செட்டிங் எஃபெக்ட், ஃப்யூஜில ப்ரிவ்யூ எக்ஸ்போஷர் ஒயிட் பேலன்ஸ் இன் மேனுவல் மோடு, இப்படி நீளமான பேர் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கும் ஃப்ளாஷுக்கும் மாறி மாறிப் போறவங்க இதை கண்டிப்பா பட்டன்ல வைங்க.

என் கேமராவுல மாத்துற மாதிரி ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு

ஐஎஸ்ஓவுக்கு தனி பட்டன் இல்லைன்னா ஐஎஸ்ஓ. இருந்தா ஃபோகஸ் ஏரியா. முடிஞ்சது.

யூட்யூப்ல பழைய வீடியோ பார்த்து அதே மாதிரி செட் பண்ணலாமா?

எந்த வருஷத்து வீடியோன்னு பார்த்துக்கங்க. சோனி ஏ7 III, ஏ7ஆர் III ரெண்டுலயும் முதல்ல ஐ ஏஎஃப்புக்கு (கண்ணைத் தேடி ஃபோகஸ் பண்றது) தனியா ஒரு பட்டனை பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அதனால அப்ப வந்த அத்தனை வீடியோவும் ஐ ஏஎஃப்பை நல்ல பட்டன்ல வைங்கன்னு சொல்லும். 2019ல வந்த 3.0 ஃபர்ம்வேர்ல (கேமராவுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர்) ரியல் டைம் ஐ ஏஎஃப் வந்துடுச்சு, ஹாஃப் பிரஸ்லயே கண்ணைப் பிடிக்கும். இன்னமும் அதுக்கு ஒரு பட்டனை ஒதுக்கி வெச்சிருக்கிறவங்க அதை விடுவிச்சு ஃபோகஸ் ஏரியாவுக்கு குடுக்கலாம்.

ரெண்டு பாடி வெச்சிருக்கேன், ரெண்டும் வேற கம்பெனி

பட்டன் பேரை விட்டுடுங்க, விரலை வெச்சு யோசிங்க. கட்டைவிரல்ல ரெண்டுலயும் ஏஎஃப், முன்பக்கம் ரெண்டுலயும் ஒரே வேலை, மேல் பட்டன் ரெண்டுலயும் ஐஎஸ்ஓ. டயல் திருப்புற திசையும் பாருங்க, அதைத் தலைகீழாக்கிற ஆப்ஷன் நிறைய பாடில இருக்கு, ஒண்ணுல வலது பக்கம் திருப்பினா வெளிச்சம் கூடுது இன்னொண்ணுல குறையுதுன்னா பட்டன் ஒத்துப்போயும் பிரயோஜனம் இல்லை. ஒண்ணுல பட்டன் கம்மியா இருந்தா, கம்மியா இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி மத்ததையும் அமைங்க.

இவ்வளவும் செட் பண்ணினப்புறம் அழிஞ்சு போச்சுன்னா?

சேமிச்சு வைங்க. நிக்கான்ல சேவ் லோட் மெனு செட்டிங்ஸ், சோனி, கேனானோட புது பாடில கார்டுலயே சேமிக்கிற ஆப்ஷன் இருக்கு, ஃப்யூஜில கம்ப்யூட்டர்ல எக்ஸ் அக்வயர்ங்கிற சாஃப்ட்வேர் வழியா. அந்த ஃபைலை கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிடுங்க, கார்டை ஃபார்மட் பண்ணினா அதுவும் போயிடும். ஒரு மாடல்ல எடுத்ததை வேற மாடல்ல ஏத்த முடியாது. சர்வீஸுக்கு குடுக்கும் முன்னாடியும் ஃபர்ம்வேர் போடும் முன்னாடியும் ஒரு தடவை சேவ் பண்ணுங்க. பழைய பாடில இந்த வசதி இல்லைன்னா மெனு ஸ்க்ரீனை மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கலாம், அசிங்கமான வழிதான், ஆனா வேலை செய்யும்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல பச்சைப் புள்ளி போட்ட ரெண்டு பட்டன் இருக்கும், ரெண்டையும் சேர்த்து ரெண்டு செகண்டுக்கு மேல பிடிச்சா ஷூட்டிங் செட்டிங் பழையபடி ஆயிடும். பயப்படாதீங்க, பட்டன் அமைப்பு கஸ்டம் செட்டிங்ஸ்ல இருக்கிறதால அது தப்பிச்சிடும்.

எவ்வளவு சீக்கிரம் பழகும்?

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா பழகவே பழகாது. ஒண்ணை மாத்துங்க, கை தானா அங்க போக ஆரம்பிச்சதும் அடுத்ததுக்குப் போங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு கேமராவை கண்ணுல வெச்சு பட்டனைத் தேடுங்க. பக்கத்துப் பக்கத்து பட்டன் ரெண்டும் ஒரே மாதிரி தட்டையா இருந்து விரலுக்கு வித்தியாசம் தெரியலைன்னா, அதுல ஒண்ணு மேல ஒட்டுறதுக்குன்னே சின்ன மேடு மாதிரி ஸ்டிக்கர் கிடைக்கும், அதை ஒட்டிடுங்க. கையுறை போட்டுட்டு எடுக்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், எந்த பட்டன் என்ன பண்ணுதுன்னே புரியலை

பழைய ஓனரோட விரலுக்கு செட் ஆனது அது. முதல்ல கஸ்டம் செட்டிங்ஸ் ரீசெட், அதுலயும் சரியாகலைன்னா ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, மோடு டயல்ல இருக்கிற சி1, யு1 மெமரியை தனியா ரீசெட் பண்ண வேண்டியிருக்கும், அதை விட்டுடாதீங்க. அப்புறம் ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்க, ரீசெட் பண்ணியும் ஒரு பட்டன் அசையவே இல்லைன்னா அதுக்கு வேற வேலை குடுத்தும் ஒரு தடவை சோதிங்க, அப்பவும் இல்லைன்னா அது செட்டிங் பிரச்சனை இல்லை, பட்டனே போயிருக்கு, வித்தவர்கிட்ட திரும்பப் பேசுற நேரம்.